தொடாமல் போகும் ஒளி

ஐடிஓ கண்ணாடி என்று ஒன்று உண்டு. தீப்பெட்டி அளவுக்குத் துண்டு போட்டுத் தருவார்கள். ஒரு முகத்தில் மட்டும் 100, 150 நானோமீட்டர் கனத்தில், மின்சாரம் கடத்தும் தெளிவான ஒரு படலம் பூசியிருக்கும்; அதுதான் ஐடிஓ. எந்த முகம் என்பதுதான் தலைவலி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலால் தடவினாலும் தெரியாது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். எண் எதுவும் வராவிட்டால் அது வெறும் கண்ணாடி. திருப்பிப் போட்டு வைத்ததும் 20 ஓம், 30 ஓம் என்று காட்டினால் படலம் அந்தப் பக்கம்.

நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் மறந்துபோனேன். துண்டைத் தலைகீழாக வைத்து, லேசரை மேல்முகத்தில் குவித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. கண்ணாடியின் கனம் 1.1 மில்லிமீட்டர். நான் ஒளியைக் குவித்த இடத்தில் வெறும் கண்ணாடி. படலம் இருந்த அடிப்பக்கத்தில் ஒளி விரிந்துபோய்விட்டது. அன்றைக்கு நான் செலுத்திய ஒளி அத்தனையும் எதையும் தொடாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து மேசை அக்கா கடைசியில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மல்டிமீட்டரை எடுத்து மேலே வைத்தார். எண் வரவில்லை. "சாப்டியா இல்லையாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஒளி ஊடுருவும் பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு அர்த்தம் ஒளி அதைத் தொடுவதில்லை என்பதுதான். தொடாத ஒன்றை வைத்து எப்படி வெட்டுவது, எப்படி உருமாற்றுவது? என்னுடைய நான்கைந்து வருஷம் இந்தக் கேள்விக்குள்ளேயே போனது.

எனக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சின்னது. ஓஎல்இடி என்கிற கரிம விளக்குகளுக்கு அடியில் ஐடிஓதான் மின்முனை. அதைப் பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும். வழக்கமாக ஒளியுணர் பசை தடவி, அச்சு வைத்து, அமிலத்தில் கழுவிப் பிரிப்பார்கள். அதற்குப் பதிலாக லேசரால் நேரடியாகக் கோடு கிழித்தால் அச்சும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். நானோ நொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அளவில் துடிக்கும் லேசர்களால் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார்கள். கரை எழும்புவதுதான் சிக்கல். நானோ நொடித் துடிப்பு படலத்தை உருக்கும்; உருகியது பரப்பு இழுவிசையால் ஓரத்துக்கு ஒதுங்கி, அங்கேயே வரப்பு மாதிரி உறையும். வயலுக்கு வரப்பு அழகு. ஓஎல்இடியில் மேலே வரும் கரிம அடுக்குகளின் மொத்தக் கனமே 100, 200 நானோமீட்டர்தான். அடியில் 50 நானோமீட்டர் வரப்பு நின்றால் மேல் மின்முனையோடு குறுக்குச்சுற்று ஆகி விளக்கு செத்துவிடும்.

எனவே ஃபெம்டோ நொடி லேசர். ஒரு நொடியைப் பத்தின் பதினைந்தாம் அடுக்கால் வகுத்தால் ஒரு ஃபெம்டோ நொடி. வேறு மாதிரிச் சொன்னால், ஒரு ஃபெம்டோ நொடியை ஒரு நொடியாக நீட்டினால், ஒரு நொடி 3 கோடியே 17 லட்சம் ஆண்டாக நீளும். எங்கள் இட்டர்பியம் லேசர் தந்த துடிப்பின் நீளம் சுமார் 200 ஃபெம்டோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 60 மைக்ரான்தான் நகரும். கிட்டத்தட்ட ஒரு தலைமுடிக் கனம். அதாவது நாங்கள் வீசியது கற்றை இல்லை. முடிக் கனத்துக்கு நறுக்கிய ஒளித் தகடு.

இவ்வளவு குறுக்கியதில் என்ன லாபம்? ஒரு துடிப்பில் 1 மைக்ரோ ஜூல் ஆற்றல் என்று வையுங்கள். இரண்டு மில்லிகிராம் கொசு ஒன்றை ஐந்து சென்டிமீட்டர் மேலே தூக்க அவ்வளவு போதும். அப்படி நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு விட்டாலும் சராசரித் திறன் 0.1 வாட்தான். ஆனால் அந்த 1 மைக்ரோ ஜூல் 200 ஃபெம்டோ நொடிக்குள் வந்து இறங்குவதால், அந்தக் கண நேரத்துக்கு மட்டும் திறன் 5 மெகாவாட். அதை இருபது மைக்ரான் அகலப் புள்ளியில் குவித்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் கோடி வாட் என்கிற கணக்கு வந்துவிடும். அந்தச் செறிவில்தான் ஒளி ஊடுருவும் பொருளும் ஒளியைத் தொடுகிறது.

இதற்கு ஊர்த் தேரைத்தான் உதாரணம் சொல்வேன். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், மறுநாள் இன்னொருவர் என்று தனித்தனியாக வந்து வடத்தைப் பிடித்து இழுத்தால் தேர் அங்குலமும் நகராது. ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். ஐடிஓவில் ஒரு எலெக்ட்ரான் மேலே ஏறத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 3.5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். எங்கள் 1030 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஒரு ஒளித்துகளிடம், இருப்பது 1.2. ஒன்று வந்து மோதினால் எலெக்ட்ரான் கண்டுகொள்ளாது. மூன்று அல்லது நான்கு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால்தான் எலெக்ட்ரான் மேலே ஏறும். சாதாரண வெளிச்சத்தில் அந்தச் சந்திப்பு நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம். செறிவை இரட்டிப்பாக்கினால் மூன்று ஃபோட்டான் சந்திப்பு எட்டு மடங்காகும். நான்கு ஃபோட்டான் சந்திப்பு பதினாறு மடங்காகும். அதனால்தான் கோட்டின் ஓரம் இவ்வளவு கூர்மையாக வருகிறது: புள்ளியின் நடுவில் எல்லாம் நடக்கும், கொஞ்சம் தள்ளினால் ஒன்றும் நடக்காது.

இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் விழுங்க முடியும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டியவர் மரியா கோப்பர்ட்-மேயர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு. 1931-ல் கட்டுரையாக வந்தது. சோதித்துப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் உலகத்தில் யாரிடமும் இல்லை. 1960-ல் லேசர் வந்தது. 1961-ல் பெல் ஆய்வகத்தில் கணக்கு சரி என்று பார்த்துவிட்டார்கள். இடையில் முப்பது வருஷம். அதில் நிறைய வருஷம் அந்த அம்மாள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். 1963-ல் நோபல் கிடைத்தபோது அது அணுக்கருக் கூடு மாதிரிக்காக. இந்தக் கணக்குக்காக இல்லை. இயற்பியல் நோபல் பெற்ற இரண்டாவது பெண் அவர். மூன்றாவது பெண் வர 2018 ஆனது: டோனா ஸ்ட்ரிக்லண்ட். 1985-ல் ஜெரார் மூரூவுடன் சேர்ந்து, குறுந்துடிப்பைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒளியிழையில் விட்டு இழுத்து நீட்டி, நீட்டியதைப் பெருக்கி, பெருக்கியதை மறுபடி சுருக்கும் உத்தியைச் செய்து காட்டியவர். நீட்டாமல் பெருக்கினால் பெருக்கிப் படிகமே உடைந்துபோகும். எங்கள் பெட்டிக்குள்ளும் அந்த உத்திதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெண் சொன்ன விஷயத்தை மூன்றாவது பெண்ணின் கருவியால் நான் தினமும் செய்துகொண்டிருந்தேன். இது எனக்கு உறைத்ததே ஆய்வேட்டின் முன்னுரை எழுதும்போதுதான்.

ஐடிஓவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இண்டியம் ஆக்சைடில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீய ஆக்சைடு கலந்தது. வெள்ளீய அணு இண்டியத்தின் இடத்தில் உட்காரும்போது கூடுதலாக ஒரு எலெக்ட்ரானைக் கொண்டுவரும். அதனால்தான் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்துகொண்டே உலோகம் மாதிரி மின்சாரமும் கடத்துகிறது. இந்த இண்டியம் 1863-ல் சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. தேடியவர் ரைக் என்கிற பேராசிரியர். அவருக்கு நிறக்குருடு. நிறமாலையில் புதிய கோடு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க ரிக்டர் என்பவரை வைத்துக்கொண்டார். ரிக்டரின் கண்ணில் பட்டது அதுவரை யாரும் பார்க்காத ஒரு அவுரி நீலக் கோடு. அவுரிச் சாயத்துக்கு ஐரோப்பாவில் இண்டிகோ என்று பெயர்; 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று அர்த்தம். அதிலிருந்து இண்டியம். எங்கள் ஊர்ப் பக்கம் செம்மண்ணில் விளையும் அவுரிச் செடியின் பெயர் போய் எத்தனையோ தொடுதிரைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். கரை எழும்பாமல் கோடு கிழிக்கச் சரியான ஆற்றல் எது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1982-ல் லியூ என்பவர் எழுதியது. ஆற்றலைக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு துடிப்பாகச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். விழும் வட்டங்களை நுண்ணோக்கியில் அளந்து, விட்டத்தின் வர்க்கத்தை ஆற்றலின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். கோட்டை நீட்டி அது பூச்சியத்தைத் தொடும் இடத்தைப் பார்த்தால், அதுதான் வெட்டுக்கு வாசற்படி. அதற்குக் கீழே எத்தனை துல்லியமாகச் சுட்டாலும் ஒரே துடிப்பில் படலம் போகாது. பிளஸ் டூவில் மடக்கை அட்டவணையைத் திட்டியவன் நான். இங்கே வந்து அதற்கு நன்றி சொன்னேன்.

என் படங்களில் ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மங்கலாக இன்னொரு வளையம் இருந்தது. படலம் போகவில்லை, நிறம் மட்டும் லேசாக மாறியிருந்தது. புகை படிந்திருக்கிறது என்று நினைத்து, துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சரி, அழுக்குதான் என்று முடிவு கட்டி, உள்வட்டத்தை மட்டும் அளந்தேன். ஆறு மாதம் அப்படித்தான் போனது. நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட அந்த வளையம்தான் பிறகு என் ஆய்வேடு ஆனது.

துடிப்பு விழுந்ததும் படலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வரிசையாகச் சொன்னால் அந்த வளையம் புரியும். முதலில் சூடாவது எலெக்ட்ரான்கள் மட்டும். 200 ஃபெம்டோ நொடிக்குள் அவை கொதிநிலைக்குப் போய்விடும். அணுக்களோ இன்னும் அறை வெப்பத்தில் அப்படியே நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலை. எலெக்ட்ரான்கள் தங்கள் சூட்டை அணுக்களுக்குக் கைமாற்றச் சில பிக்கோ நொடி ஆகும். பிக்கோ என்பது ஃபெம்டோவில் ஆயிரம். அணுக்கள் சூடானதும் படலம் விரியப் பார்க்கும். விரிய முடியாது. ஏனென்றால் விரிவு என்பது ஒலியின் வேகத்தில்தான் போகும்; திடப்பொருளில் அது ஒரு பிக்கோ நொடிக்குச் சுமார் 5 நானோமீட்டர். 100 நானோமீட்டர் படலத்தை ஒலி கடக்கவே 20 பிக்கோ நொடி வேண்டும். சூடு அதற்கு முன்பே வந்து முடிந்துவிட்டது. எனவே அழுத்தம் உள்ளேயே இறுகி, பிறகு ஒரேயடியாக மேல்நோக்கி உதறும். ஆற்றல் போதுமான அளவுக்கு இருந்தால் படலம் மூடி மாதிரிக் கழன்று பறக்கும். உருகி ஒதுங்க நேரமே இல்லாததால் கரையும் பெரிதாக எழாது. இதுதான் உள்வட்டம். ஆற்றல் கொஞ்சம் குறைந்தால் படலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் உள்ளே அணுக்கள் நின்ற வரிசை மாறியிருக்கும். வெளிவளையம் அதுதான்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிய வைத்தது ஒரு தப்பு.

ஒருநாள் 5 மில்லிமீட்டர் சதுரத்தை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. 15 மைக்ரான் இடைவெளியில் கோடு கோடாக ஓட்டினால் படலம் முழுதும் போய்விடும். முந்தின நாள் வேறு யாரோ வேறு வேலைக்காக ஆற்றலைக் குறைத்து வைத்திருந்தார்கள். நான் திறன்மானியில் சரிபார்க்காமல் ஓட்டிவிட்டேன். எடுத்து மல்டிமீட்டர் வைத்தால் மின்சாரம் கடத்துகிறது. போச்சு. குப்பையில் போடக் கையை நீட்டியபோது ஜன்னல் வெளிச்சம் பட்டு அந்தச் சதுரம் நீலமாக மின்னியது. சாய்த்தேன், பச்சை. இன்னும் சாய்த்தேன், சிவப்பு. பழைய சிடித் தட்டு மாதிரி.

"என்னடா, வெட்டச் சொன்னா வானவில் வரைஞ்சு வச்சிருக்க?" என்றார் அக்கா.

"ஸ்கேன் கோடுதான்க்கா. 15 மைக்ரான் இடைவெளி. அதுதான் கீற்றணி மாதிரி வேலை செய்யுது."

"15 மைக்ரானுக்கு இவ்வளவு கோணத்துல நிறம் வருமா? கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். கீற்றணி என்பது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நெருக்கமான இணைகோடுகள்; கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அகலமான கோணத்தில் ஒளி விலகும். பச்சை லேசர் சுட்டி, 532 நானோமீட்டர். 15 மைக்ரான் இடைவெளி என்றால் முதல் புள்ளி இரண்டு டிகிரியில் வர வேண்டும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மூன்றரை சென்டிமீட்டர் தூரம். சுட்டியைச் சதுரத்தின் வழியாக விட்டதும் அங்கே அந்தப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவை போக, வெகுதூரத்தில், நடுப்புள்ளியிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி, மங்கலாக இன்னொரு பச்சைப் பொட்டு. அதைக் கணக்கில் போட்டால் இடைவெளி சுமார் 980 நானோமீட்டர். எங்கள் லேசரின் அலைநீளம் 1030. நான் போட்டது 15 மைக்ரான் கோடு. ஒரு மைக்ரான் கோட்டை யார் போட்டது? எங்கள் புள்ளியே அதைப்போல இருபது மடங்கு அகலம். அவ்வளவு மொத்தமான பேனாவால் அவ்வளவு மெல்லிய கோடு விழ வழியில்லை.

"தளவிளைவைத் திருப்பிப் பாரு. கோடு திரும்புதான்னு பாப்போம்" என்றார் அக்கா. ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் ஆடுகிறதோ அதுதான் தளவிளைவின் திசை. அரை அலைத் தகடு ஒன்றை வழியில் வைத்துச் சுழற்றினால் அந்தத் திசை திரும்பும். நான் ஓடிப்போய்த் தகட்டை 90 டிகிரி சுழற்றி இன்னொரு சதுரம் போட்டுக்கொண்டு வந்தேன். பொட்டு அதே இடத்தில். மாற்றமே இல்லை. தளவிளைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியும் விட்டேன். மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது: அரை அலைத் தகடு தான் சுழலும் கோணத்தைப்போல இரண்டு மடங்கு திருப்பும். 90 டிகிரி சுழற்றினால் தளவிளைவு 180 டிகிரி திரும்பி, கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும். 45 டிகிரி வைத்துத் திரும்பப் போட்டேன். பக்கவாட்டில் இருந்த பொட்டு இப்போது மேலே இருந்தது. ஸ்கேன் திசையை நான் மாற்றவே இல்லை.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நேரம் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. ஐடிஓ மின்சாரம் கடத்துவதால் மேலே தங்கம் பூச வேண்டியதில்லை. அப்படியே உள்ளே வைக்கலாம். திரையில் வந்ததைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. உழுது போட்ட வயல். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஓடும் சால்கள், அங்கங்கே இரண்டாகக் கிளை பிரிந்து மறுபடி சேரும் சால்கள். யாரும் வரையாமல் படலம் தானாகவே வரிகட்டியிருந்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1965-லேயே பிர்ன்பாம் என்பவர் ரூபி லேசர் பட்ட குறைக்கடத்திகளின் மேல் இந்த மாதிரி வரிகளைப் பார்த்து எழுதிவிட்டார். எப்படி வருகின்றன என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. எந்தப் பரப்பும் முழு வழவழப்பு இல்லை. ஏதோ ஒரு மேட்டில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பகுதி பரப்போடு ஒட்டியே ஓடும். அது, மேலிருந்து வரும் ஒளியோடு குறுக்கீடு செய்யும். பிரகாசமான பட்டை, மங்கலான பட்டை என்று மாறி மாறி அமையும். பிரகாசம் விழுந்த இடம் சற்றுக் கூடுதலாகக் குழியும். அடுத்த துடிப்புக்கு அந்தக் குழியே இன்னும் நன்றாக ஒளியைச் சிதறடிக்கும். பத்து, இருபது துடிப்புக்குள் வரி அழுத்தமாகிவிடும். தேரிக்காட்டு மணலில் காற்று வரி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது வேறு இயற்பியல். ஆனால் முதல் மேடு அடுத்த மேட்டுக்கு இடம் சொல்கிறது என்கிற அளவில் இரண்டும் உறவு.

இன்னொரு கட்சி இதை ஒப்புக்கொள்ளாது. வரிகள் ஒளி அச்சடித்தவை அல்ல. அளவுக்கு மீறிச் சூடாகி நிலைகுலைந்த பரப்பு தானாக மறு ஒழுங்குக்கு வரும்போது விழுபவை என்பார்கள். அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று மிக நெருக்கமாக விழும் வரிகளை எளிய குறுக்கீட்டால் விளக்க முடியாது என்பது அவர்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு. இன்னும் தீராத சண்டை. எனக்கென்னவோ இரண்டு பேர் சொல்வதும் வெவ்வேறு ஆற்றலில் உண்மை என்றுதான் படுகிறது. வாய்மொழித் தேர்வில் இப்படிச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

இந்த வரி போட்ட படலம் எதற்கு உதவும்? மல்டிமீட்டரை எடுத்தோம். வரியோடு நீளவாக்கில் அளந்தால் ஒரு மின்தடை. வரிக்குக் குறுக்கே அளந்தால் அதைப்போலப் பல மடங்கு. சால்கள் ஆழமாகி அடிக்கண்ணாடி வரை இறங்கும்போது படலம் ஒரு தாளாக இல்லை, ஆயிரக்கணக்கான இணைக்கம்பிகள். கண்ணுக்கு இன்னமும் கண்ணாடிதான். ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று 2021-ல் ஐடிஓ படலங்களில் இதையே முறையாகச் செய்து வெளியிட்டது. அந்தக் கட்டுரை வந்த அன்று ஆய்வகமே வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. என்னைவிட அக்காவுக்குத்தான் கோபம். "இதைத்தானடா நீ குப்பையில போடப் போன?" என்றார். போடவில்லை அக்கா, போடத்தான் போனேன் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது அந்த வெளிவளையம். வரியும் இல்லை, வெட்டும் இல்லை, நிறம் மட்டும் மாறிய இடம்.

அறை வெப்பத்தில் பூசிய ஐடிஓவில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். 150 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கினால் வரிசைக்கு வந்து படிகமாகும். நாங்கள் அப்போது பூசியது அடுப்பில் வைக்காத படலம். லேசர் லேசாகப் பட்ட இடமெல்லாம் படிகமாகியிருந்தது, அதுதான் வளையம். இங்கே ஒரு வார்த்தை. ஃபெம்டோ நொடி லேசரைக் குளிர் லேசர் என்று விற்பனைத் தாள்களில் போடுவார்கள். பாதி உண்மை. ஒற்றைத் துடிப்பைப் பொறுத்தவரை சரி: 200 ஃபெம்டோ நொடியில் கண்ணாடிக்குள் வெப்பம் அரை நானோமீட்டர்கூட நகராது. ஆனால் நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு விட்டால் இரண்டு துடிப்புக்கு நடுவே 10 மைக்ரோ நொடிதான் இடைவெளி. கண்ணாடி அதற்குள் சூட்டை முழுக்க உதறிவிடாது. ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் மிச்சம் வைத்துப் போகும். இருபது துடிப்பில் மிச்சம் சேர்ந்து, வேறு எதுவும் செய்யாமல், அந்த மிச்சச் சூடே படலத்தைப் படிகமாக்கிவிடக்கூடும். கண்ணாடி மேல் வேலை பார்த்த யாரும் குளிர் லேசர் என்று வாய் கூசாமல் சொல்ல மாட்டார்கள். எந்தப் படிகம் துடிப்பால் வந்தது, எந்தப் படிகம் மிச்சச் சூட்டால் வந்தது என்று பிரிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. துடிப்புகளின் எண்ணிக்கையை மாற்றாமல் இடைவெளியை மட்டும் நீட்டிப் பார்ப்பதுதான் வழி. இடைவெளி நீள நீள வளையம் சுருங்கினால், அந்த அளவு மிச்சச் சூட்டின் கணக்கில் போகும்.

படிகமான இடத்துக்கும் ஆகாத இடத்துக்கும் ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு. ஆக்சாலிக் அமிலம் ஒழுங்கற்ற ஐடிஓவைக் கரைக்கும், படிகத்தைத் தொடாது. புளியாரைக் கீரையை மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு புளிப்பு வருமே, அதே அமிலம். பெயரே புளியாரைக் குடும்பத்தின் தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆக, வெட்ட வேண்டியதில்லை. லேசரால் வேண்டிய இடத்தில் படிகக் கோடு எழுதிவிட்டு, துண்டை அமிலத்தில் முக்கினால், எழுதாத இடமெல்லாம் கரைந்து எழுதின கோடு மட்டும் நிற்கும். உருகல் இல்லை, கரை இல்லை, பறந்துபோகும் துகள் இல்லை. எனக்கு முன்பே தைவானில் இதைச் செய்திருக்கிறார்கள். நான் செய்தது அதன் ஓரங்களை அளந்தது. அமிலம் வேண்டாம் என்றுதானே வேலையைத் தொடங்கினோம் என்று கேட்பீர்கள். வழிகாட்டி சாரும் அதைத்தான் கேட்டார்.

முதன்முதலாக முக்கின நாள் நினைவிருக்கிறது. கண்ணாடிக் குவளையில் அமிலம், இடுக்கியில் துண்டு. கரைவது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெளிந்த பொருள் தெளிந்த திரவத்தில் கரைகிறது, என்ன தெரியும்? கடிகாரத்தைப் பார்த்து எடுத்து, தண்ணீரில் அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. அக்கா மல்டிமீட்டரைத் தள்ளிவிட்டார். ஒரு முனையைக் கோடு தொடங்கும் இடத்திலும் இன்னொன்றை முடியும் இடத்திலும் வைத்தேன். எண் வந்தது. அரை மில்லிமீட்டர் நகர்த்தி வைத்தேன். வரவில்லை. திரும்பக் கோட்டுக்கு வந்தேன். வந்தது.